மும்முறை கற்றல்

உழவனுக்கு ஏரும், நெசவாளிக்குத் தறியும், கொத்தனுக்குக் கரண்டியும் பழக்கத்தால் வசப்படுகின்றன. அருப்புக்கோட்டையில் தறியில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் ஒவ்வோர் இழையையும் எண்ணிக்கொண்டு நெய்வதில்லை. பழகிய கை தானாக இயங்குகிறது. ஆயினும் நூல் ஒன்று அறுந்தால் அக்கை அந்தக் கணமே நின்றுவிடுகிறது. ஏனெனில், அது அறியாமல் ஓடும் கை அன்று. அறிந்து பழகிய கை. மொழியைக் கற்பவர்க்கும் இத்தகைய பயிற்சியே வேண்டும். நூல் அறுந்ததும் அறியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் பயிற்சி எத்துணை நீண்டதாயினும் துணியைத் தராது.

விருதுநகர் மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் உள்ளது நரிக்குடி. மானாமதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் இருப்புப்பாதையில் அஃது ஒரு நிலையம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்னும் இவ்வூர்களைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த நிலம். கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாவிடின் நிலம் கரம்பாகக் கிடக்கும். சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றும், ஆடு மேய்த்தும், வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் இங்குப் பலர். அப்பிள்ளைகளுள் பலர்க்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித் தருவார் இல்லை. பள்ளியில் ஆசிரியர் கூறுவதும், புத்தகத்தில் அச்சாகியிருப்பதுமே அவர்கள் பெறும் ஆங்கிலம். ஆகவே, பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு நெருங்கும்பொழுது அவர்கள் மிகவும் அஞ்சும் பாடம் ஆங்கிலமாக இருப்பதில் வியப்பில்லை.

அவ்வச்சத்திற்கு அவர்கள் தேடும் மருந்து யாது? விடைநூல் ஒன்றை வாங்குகிறார்கள். அதிலுள்ள வினாக்களையும் விடைகளையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்கிறார்கள். மனத்தில் நில்லாத விடையைப் பத்து முறை எழுதிப் பார்க்கிறார்கள். இலக்கணப் பகுதியிலும் இதே முறைதான். இவ்வகை வாக்கியம் வந்தால் இச்சொல்லை முன்னே போடு, அச்சொல்லைப் பின்னே தள்ளு என்று சூத்திரம் போல நெட்டுருச் செய்கிறார்கள். ஏன் முன்னே போட வேண்டும், ஏன் பின்னே தள்ள வேண்டும் என்று கேட்பதற்கு அவர்களுக்கு நேரம் இல்லை. கேட்கலாம் என்ற துணிவும் இல்லை. இம்முறை தவறானது என்பதும், பொருளுணர்ந்து படித்தலே இலக்கணத்திற்கும் தேர்வுக்கும் வாழ்க்கைக்கும் உற்ற துணை என்பதும் என் கருத்து.

இவ்வூர்ப்பக்கத்து வரலாற்று நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. நரிக்குடிக்கு அண்மையிலுள்ள திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்தவர் வேங்கடராமன். பின்னாளில் உலகம் அவரை இரமண மகரிஷி என்று போற்றியது. தந்தையார் மறைந்த பின் அவர் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, அமெரிக்க மிஷன் உயர்நிலைப்பள்ளியில் படித்தார். 1896-ஆம் ஆண்டு அவர் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு முந்திய படிப்பில் இருந்தார். ஸ்காத்லாந்து அறிஞர் பெயின் எழுதிய ஆங்கில இலக்கண நூலின் ஒரு பகுதியைச் சரிவரப் படிக்காமைக்காக, அதை மூன்று முறை எழுதிவர வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அவர் அதை எழுதிக்கொண்டிருந்தார். இருமுறை எழுதி முடித்தார். மூன்றாம் முறை எழுதத் தொடங்கியபொழுது அதன் பயனின்மை அவர் உள்ளத்தில் தைத்தது. தாளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அன்றே வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார்.

அவர் இல்லம் நீங்கியதற்கு இலக்கணப் பாடம் காரணம் அன்று. அவர் உள்ளத்தில் முன்பே எழுந்திருந்த பெருவேட்கையே காரணம். அவர் சென்ற வழி அவர்க்கே உரியது. படிப்பில் சலித்த மாணவர் எல்லாரும் அதைத் தமக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. ஆயினும், எழுதப்படாமல் நின்ற அம்மூன்றாம் படியைப் பற்றி ஆசிரியரும் மாணவரும் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம். ஒருமுறை கேட்ட பாடத்தை அவ்வாறே திருப்பிச் சொல்லும் நினைவாற்றல் உடையவர் வேங்கடராமன் என்று அவர் வரலாறு கூறுகிறது. அத்தகைய மாணவர்க்கு முதல் இரண்டு முறையும் தராத எதனை மூன்றாவது முறை தந்திருக்கும்? கை மூன்று முறை ஓடியிருக்கும். கருத்து நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

அவ்வாறாயின், ஒன்றை மூன்று முறை செய்தல் வீண் என்று கூறலாமா? கூறலாகாது. நம் தமிழ் இலக்கண ஆசிரியர் பவணந்தி முனிவரும் மும்முறையைப் பற்றிப் பேசுகிறார். ஒருமுறை கேட்ட பாடத்தை இரண்டாம் முறை கேட்பவனுக்கு நூலில் பிழை மிகுதியாக நேராது என்றும், மூன்றாம் முறை கேட்பவன் அதன் முறையறிந்து பிறர்க்கு எடுத்துரைக்க வல்லவன் ஆவான் என்றும் நன்னூல் கூறுகிறது. இங்கு ஒவ்வொரு முறைக்கும் ஒரு பயன் உண்டு. இரண்டாம் முறையில் பிழை குறைகிறது. மூன்றாம் முறையில் பிறர்க்கு உரைக்கும் தெளிவு பிறக்கிறது. நூலைப் பயிலும் முறையைக் கூறும்பொழுதும் நன்னூலார் மனப்பாடத்தை முதலில் வைக்கவில்லை. உலக வழக்கை அறிவதை முதலில் வைத்தார். பாடம் போற்றுதலை அதன்பின் வைத்தார். பிறகு கேட்டதைச் சிந்தித்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் தீர்தல், உடன் பயில்வாரோடு பழகுதல், வினவுதல், வினவியவற்றுக்கு விடை கூறுதல் என்று அடுக்கினார். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் தமிழ் கற்பார்க்குச் சொன்ன இம்முறை, இன்று ஆங்கிலம் கற்பார்க்கும் பொருந்துவதாக உள்ளது.

மாணவர்களே! ஆங்கில இலக்கணம் உங்களுக்குக் கடினமாகத் தோன்றுவது ஏன்? உங்கள் அறிவு குறைவானது என்பதால் அன்று. அம்மொழியின் நடை நம் மொழியின் நடைக்கு வேறானது என்பதால். அவ்வேறுபாட்டைக் கண்டுகொண்டால் பாதிக் கடினம் அகன்றுவிடும். சிலவற்றை எண்ணிப் பாருங்கள்.

தமிழில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் வரும். 'சிறுவன் கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்தான்' என்னும் வாக்கியத்தில் அவன் செய்தது யாது என்பதை அறிய நாம் கடைசிச் சொல்வரை செல்கிறோம். ஆங்கிலத்திலோ வினைச்சொல் எழுவாயை அடுத்து வந்துவிடும். மற்றவை அதன்பின் தொடரும். ஆகவே, நீண்ட ஆங்கில வாக்கியத்தைக் கண்டால் முதலில் எழுவாயைத் தேடுங்கள். அடுத்து அதற்குரிய வினையைத் தேடுங்கள். அவ்விரண்டும் கிடைத்தால் வீட்டின் தூண்கள் கிடைத்தன. சுவரும் கூரையும் தாமே விளங்கும்.

தமிழில் அடைகள் பெயர்க்கு முன் நிற்கும். 'நேற்று மதுரையிலிருந்து வந்த ஆசிரியர்' என்கிறோம். ஆங்கிலத்தில் ஆசிரியரை முதலில் கூறிவிட்டு, 'ஹூ' என்னும் சொல்லை இட்டு, அவர் எங்கிருந்து எப்பொழுது வந்தார் என்பதைப் பின்னே கூறுவர். நம் பெயரெச்சம் செய்யும் வேலையை அங்கே அச்சிறு சொல் செய்கிறது. இதை உணர்ந்த மாணவன் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக இணைக்கும் வினாவுக்கு நடுங்க மாட்டான்.

தமிழில் 'இல்' என்னும் ஓர் உருபு பல இடங்களில் வரும். 'மரத்தில் பறவை இருக்கிறது. மரத்தில் பழம் இருக்கிறது' என்போம். ஆங்கிலத்தார் பறவைக்கு 'இன்' என்பர். பழத்துக்கு 'ஆன்' என்பர். பறவை கிளைகளுக்கு உள்ளே இருக்கிறது. பழம் கிளையைப் பற்றித் தொங்குகிறது. காலத்திலும் இவ்வாறே. மாதத்துக்கு 'இன்', கிழமைக்கு 'ஆன்', மணிக்கு 'அட்' என்பர். பெரிய அளவிலிருந்து சிறிய புள்ளிக்கு இறங்கிவரும் வரிசை இது. இவ்வரிசையைக் கண்டவன் பட்டியலை நெட்டுருச் செய்ய வேண்டியதில்லை.

செயப்பாட்டு வினையைப் பற்றியும் ஒரு சொல். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக என்று தேர்வில் கேட்கிறார்கள். மாணவர்களும் சொற்களை இடம் மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால், அவ்வடிவம் எதற்கு என்று கேட்டால் விழிக்கிறார்கள். உங்கள் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். அதை வெட்டியவர் யார் என்பது பல ஊர்களில் ஒருவர்க்கும் தெரியாது. அந்நிலையில் 'கண்மாய் வெட்டப்பட்டது' என்றுதான் எழுத முடியும். செய்தவரை அறியாதபொழுதும், அவரைக் கூறுதல் வேண்டாதபொழுதும், செய்யப்பட்டதே முதன்மை பெறும்பொழுதும் அவ்வடிவம் பயன்படுகிறது. பயனை அறிந்தபின் வடிவம் மனத்தில் தங்கும். பயன் அறியாத வடிவம் தேர்வறையின் வாயிலிலேயே உதிர்ந்துவிடும்.

இனி, படித்துப் பொருளறியும் பகுதிக்கு வருவோம். மாணவர் முன்பு பார்த்திராத உரைப்பகுதி ஒன்றைத் தந்து, அதன்கீழ் வினாக்களைக் கேட்பது தேர்வு முறைகளுள் ஒன்று. விடைகள் எல்லாம் அப்பகுதியிலேயே இருக்கின்றன. கண்முன் இருக்கும் செல்வத்தை எடுத்துக்கொள்வது எளிது என்று தோன்றும். ஆனால், மாணவர் பலர் தவறுவது இங்கேதான். அவர்கள் பகுதியைப் படிப்பதில்லை. வினாவிலுள்ள சொல்லை எடுத்துக்கொண்டு, அச்சொல் பகுதியில் எங்கே உள்ளது என்று தேடுகிறார்கள். கண்டவுடன் அவ்வரியை அப்படியே எடுத்தெழுதிவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நான்கு வாக்கியங்கள் கொண்ட ஆங்கிலப் பகுதி ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். அதன் பொருள் இது: 'அவ்வாண்டு மழை பொய்த்தது. கண்மாய் வறண்டு கிடந்தது. கோடை முழுவதும் ஊரார் வரத்துக்கால்வாயைத் தூர்வாரினர். மறு ஆண்டு சிறு மழையே பெய்தும் கண்மாய் நிறைந்தது.' இதன்கீழ், சிறு மழைக்கே கண்மாய் நிறைந்தது ஏன் என்பது வினா. சொல்லைத் தேடும் மாணவன் 'சிறு மழை', 'கண்மாய்', 'நிறைந்தது' என்னும் மூன்று சொற்களையும் நான்காம் வாக்கியத்தில் காண்கிறான். மகிழ்ச்சியோடு அதை எழுதுகிறான். வினாவையே விடையாக எழுதிவிட்டோம் என்பதை அவன் அறிவதில்லை. உண்மையான விடை மூன்றாம் வாக்கியத்தில் இருக்கிறது. அவ்வாக்கியத்தில் மழையும் இல்லை, கண்மாயும் இல்லை, 'ஏனெனில்' என்னும் சொல்லும் இல்லை. கால்வாய் தூர்வாரப்பட்டதால் பெய்த நீர் வீணாகாமல் வந்து சேர்ந்தது என்பதை இரு வாக்கியங்களையும் கூட்டிப் பொருள் கொண்டவனே எழுத முடியும்.

இவ்வாறு கூட்டிப் பொருள் கொள்வது தமிழ் மாணவர்க்குப் புதியதா? இல்லை. செய்யுளில் சொற்கள் நின்ற முறையிலேயே பொருள் கொள்ளாமல், உரிய சொற்களை உரிய இடத்தோடு சேர்த்துப் பொருள் காணும் வகைகளை நம் இலக்கணம் பொருள்கோள் என்று பெயரிட்டு எட்டாக வகுத்துள்ளது. அவற்றுள் கொண்டுகூட்டு என்பது ஒன்று. பல அடிகளில் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கு ஏற்பக் கொண்டுவந்து கூட்டுவது அது. தமிழ் வகுப்பில் இதைச் செய்யும் மாணவன் ஆங்கில வகுப்பில் மட்டும் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்? தமிழை நன்கு படிக்கும் பழக்கம் ஆங்கிலத்துக்குப் பகை அன்று. ஒரு மொழியில் கூர்மையாகப் படிக்கக் கற்றவனுக்கு மறுமொழியிலும் அக்கூர்மை உதவும்.

அறியாத சொல் ஒன்று வந்தாலும் கலங்க வேண்டியதில்லை. மேற்கூறிய பகுதியில் தூர்வாருதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், மழை பொய்த்த கோடையில் ஊரார் கூடிக் கால்வாயில் என்ன செய்வர் என்பது நரிக்குடி மாணவனுக்குத் தெரியாதா? மடையையும் கலுங்கையும் கண்டிராத நகரத்து மாணவன் அங்கே தடுமாறக்கூடும். நீ தடுமாற மாட்டாய். உன் ஊரைப் பற்றிய அறிவும் உன் கல்விச் செல்வமே. அதைப் பள்ளிக்கு வெளியே விட்டுவிட்டு வகுப்புக்குள் நுழையாதே.

இங்கே ஒருவர் எழுந்து மறுப்புக் கூறலாம். "தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கு 35 பெறாதவனுக்கு மேற்படிப்பே தடைப்படுகிறது. வீட்டில் உதவி இல்லாத ஏழை மாணவனுக்குப் பொருளுணர்ந்து கற்க நேரம் ஏது? முதலில் நெட்டுருச் செய்தேனும் அவன் கரையேறட்டும், பொருள் பின்னர் வரும்" என்பது அவர் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நெட்டுருச் செய்தே தீர வேண்டியவை சில உண்டு. 'கோ' என்னும் வினை இறந்த காலத்தில் 'வென்ட்' ஆவதற்கு எந்த மாணவனும் காரணம் கண்டுபிடிக்க இயலாது. மனத்தில் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். எழுத்துக்கூட்டலும் அத்தகையதே. தேர்வின் வாயிலில் நிற்பவனுக்கு அவசரமும் உண்டு. அதை எள்ளி நகையாடுதல் அறமாகாது.

ஆயினும், அவ்வாதத்தின் முடிவை நான் ஏற்கவில்லை. பாடநூலிலுள்ள வினாவுக்கு விடையை நெட்டுருச் செய்யலாம். முன்பு காணாத பகுதியை எவ்வாறு நெட்டுருச் செய்வது? பிழை திருத்துக என்று தரப்படும் புதிய வாக்கியத்தை எந்த விடைநூல் முன்கூட்டித் தரும்? மேலும், தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும். அதன்பின் வரும் விண்ணப்பப் படிவமும், மருந்துச் சீட்டும், வேலைக்கான அறிவிப்பும், கல்லூரிப் பாடமும் எல்லாம் முன்பு காணாத பகுதிகளே. நெட்டுருவால் வாயிலைக் கடந்தவன் உள்ளே சென்றதும் திகைத்து நிற்கிறான். அத்திகைப்புக்கு மிகுதியும் ஆளாகிறவன் வீட்டில் கேட்க ஆள் இல்லாத அந்த ஏழை மாணவனே. பொருளுணர்ந்து கற்றல் செல்வர்க்குரிய அணிகலன் என்று எண்ணலாகாது. வேறு துணை இல்லாதவனுக்குத்தான் அது மிகவும் வேண்டும்.

கணித மேதை சீனிவாச இராமாநுசன் வாழ்க்கையும் இதற்கு ஒரு விளக்கம். 1904-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கியிருந்த அவர் ஆங்கிலத்தில் தவறியமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். ஒரு பாடம் எத்தகைய கதவை அடைத்துவிடக்கூடும் என்பதற்கு இது சான்று. சில ஆண்டுகள் கழிந்தன. 1913-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். தாம் யார், தம் ஊதியம் எவ்வளவு, தாம் கண்ட கணக்கு முடிவுகள் யாவை, தமக்கு வேண்டுவது யாது என்பனவற்றை அதில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். தேர்வில் கதவை அடைத்த அதே மொழி, சொல்ல வேண்டிய பொருள் உள்ளத்தில் இருந்தபொழுது கதவைத் திறந்தது. சொல்லுவதற்கு ஒரு பொருளும், அதைக் கேட்பதற்கு ஒருவரும் இருந்தால் மொழி தானே உயிர் பெறுகிறது.

ஆதலால், மாணவர்களே, நீங்களும் மும்முறைப் பயிற்சி செய்யுங்கள். ஆனால், ஒவ்வொரு முறைக்கும் ஒரு நோக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் சிறிய ஆங்கிலப் பகுதி ஒன்றை எடுங்கள். முதல் முறை, இது எதைப் பற்றியது என்று அறிவதற்காக நிறுத்தாமல் படியுங்கள். அறியாத சொல்லுக்காக நின்றுவிட வேண்டாம். இரண்டாம் முறை, ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் என்ன செய்தார் என்று எழுவாயையும் வினையையும் கண்டு கோடிடுங்கள். இலக்கணம் இங்கே வேலை செய்யட்டும். மூன்றாம் முறை, ஏன், எவ்வாறு என்னும் வினாக்களோடு படியுங்கள். பின்பு புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் உங்கள் சொற்களால் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையெனில் இன்னும் பொருள் விளங்கவில்லை என்பது தெளிவு. சொல்ல வந்ததும், அதையே ஆங்கிலத்தில் ஐந்து எளிய வாக்கியங்களாக எழுதுங்கள்.

இருவர் சேர்ந்து படித்தல் இன்னும் நன்று. ஒருவர் வினவ, மற்றவர் விடை கூறட்டும்; பின்னர் மாறிக்கொள்ளுங்கள். விடை எழுதுவதைக் காட்டிலும் நல்ல வினா ஒன்றை அமைப்பதற்கு மிகுந்த பொருளுணர்வு வேண்டும். செய்த பிழைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஏன் பிழை என்பதை அதன் எதிரே குறித்து வையுங்கள். அக்குறிப்பேடு கடையில் விற்கும் எந்த விடைநூலினும் உங்களுக்குப் பயன் தரும். ஏனெனில், அஃது உங்களுக்கென்றே எழுதப்பட்ட நூல்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிழை செய்த மாணவனை அதே பாடத்தைப் பல முறை எழுதச் சொல்வதற்கு மாறாக, அதே இலக்கணத்தில் தன் ஊரைப் பற்றி மூன்று புதிய வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். தண்டனைக்குச் செலவாகும் அதே தாளும் அதே நேரமும் கல்வியாக மாறிவிடும்.

மானாவாரி உழவன் மழை வந்தபின் ஏரைத் தேடுவதில்லை. கோடையிலேயே நிலத்தைக் கிளறி வைக்கிறான். கிளறிய நிலம் சிறு தூறலையும் உள்வாங்கிக்கொள்ளும். இறுகிய நிலத்தில் பெருமழையும் ஓடிப்போகும். பொருளை வினவிப் பழகிய உள்ளமும் கிளறிய நிலம் போன்றது. தேர்வுத்தாளில் வரும் சில வரிகளையும், நாளை வாழ்க்கையில் வரும் பல வரிகளையும் அது வீணாக்காமல் ஏற்றுக்கொள்ளும். நாளைக்குப் பள்ளியில் ஆங்கில வகுப்பு இருக்கிறதன்றோ? இன்றிரவே ஒரு பகுதியை எடுங்கள். மூன்று முறை படியுங்கள். மூன்றாம் முறையில் ஒரு வினாவையேனும் நீங்களே எழுப்புங்கள்.